குழந்தை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிற நேரம் இது. உங்களை அதிக நேரம் உட்கார வைக்க மாட்டேன்.

பல வருஷம் தொடக்க வகுப்புகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். நமக்குச் சாரலும் பள்ளிக்கூடமும் ஒரே ஜூன் மாதத்தில்தான் தொடங்கும். பள்ளி திறந்ததிலிருந்து படிக்கட்டிலும் மொட்டை மாடியிலும் என்னிடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், பிள்ளையை ஃபோனிக்ஸ் கிளாஸில் சேர்க்கணுமா?" சில பிள்ளைகளுக்கு அது அவசரமாகத் தேவை. சில பிள்ளைகளுக்குத் தேவையே இல்லை. உங்கள் பிள்ளை இதில் எந்தப் பக்கம் என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன் நீங்களே வீட்டில் பார்த்துவிடலாம். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஃபோனிக்ஸ் என்றால் என்ன? எழுத்துக்கு உரிய ஒலியைத் தெரிந்துகொண்டு, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லை வாசிப்பது. அவ்வளவுதான். நமக்கு இது புதிதல்ல. க் என்ற மெய்யும் அ என்ற உயிரும் சேர்ந்தால் க. இதைச் சின்ன வயதிலேயே படித்தவர்கள் நாம். ஆனால் தமிழில் எழுத்தின் பெயரே பெரும்பாலும் அதன் ஒலி. 'ம' என்று சொல்லிக்கொடுத்தால் 'மரம்' வாசிக்க அதுவே உதவும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'டபிள்யூ' என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலியே கிடையாது. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளைச் சமாளிக்கிற மொழி அது. எனவே ஏ முதல் இசட் வரை பாட்டாகப் பாடுகிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது.

பிறகு எப்படி அந்தப் பிள்ளை யு.கே.ஜி.யும் ஒன்றாம் வகுப்பும் தாண்டி வருகிறது? நினைவாற்றலால்தான். முப்பது, நாற்பது சொற்களின் உருவத்தைப் படம் போல மனதில் வைத்துக்கொள்ளும். பாடத்தை நாலு தடவை கேட்டால் அப்படியே ஒப்பிக்கும். மதிப்பெண்ணும் வரும். மூன்றாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் என்று புத்தகம் பெருக்கும்போது நினைவாற்றல் கைவிட்டுவிடுகிறது. அப்போதுதான் "நல்லாப் படிச்ச பிள்ளை, இப்போ சோம்பேறி ஆயிட்டான்" என்று வீட்டில் பேச்சு வரும். அது சோம்பல் இல்லை. அடித்தளத்தில் விட்டுப்போன செங்கல் இப்போதுதான் வெளியே தெரிகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் ஐந்து.

ஒன்று, பாடத்தைக் கடகடவென்று வாசிக்கும் பிள்ளையிடம், பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்துக் கேளுங்கள். சொல்ல முடியாமல் முதல் வரிக்குப் போய் அங்கிருந்து ஒப்பித்துக்கொண்டே வந்தால், அது வாசிப்பு அல்ல.

இரண்டு, முதல் எழுத்தைப் பார்த்து ஊகிப்பது. கடையம், கடையநல்லூர் என்ற நம் மாவட்டத்து ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் ஆறு எழுத்துகள் ஒன்றுதான். முன்பகுதியை மட்டும் பார்க்கிற பிள்ளை ஒன்றை மற்றொன்றாகச் சொல்லும். கடைசி எழுத்து வரை கண் போகிற பிள்ளை சொல்லாது. அதேபோலத் தென்காசி என்று ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து "டென்காசி" என்று ஒரு பிள்ளை வாசித்தால் சிரிக்காதீர்கள். அது எழுத்தைக் கூட்டி வாசிக்கிறது. பார்த்தவுடன் "திருநெல்வேலி" என்று சொல்கிற பிள்ளைதான் ஊகிக்கிறது.

மூன்று, படத்தைப் பார்த்துச் சொல்வது. படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

நான்கு, "எஸ், யு, என்" என்று எழுத்துகளின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு, சொல் என்ன என்று தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பது.

ஐந்து, திங்கட்கிழமை டிக்டேஷனில் பத்துக்குப் பத்து. அடுத்த திங்கட்கிழமை அதே சொற்களில் நாலுகூடத் தேறாது. இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபோட்டோ என்ற சொல்லை எஃப் போட்டு எழுதுகிற ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். அது ஒலியைக் காதில் வாங்கி எழுதியிருக்கிறது. சொல்லின் ஒலிக்குச் சம்பந்தமே இல்லாத எழுத்துகளை வரிசையாகப் போடுகிற பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும்.

இனி வீட்டுச் சோதனை. ஐந்து நிமிடம் போதும். ஒரு தாளில் சின்ன எழுத்தில் எட்டுச் சொற்கள் எழுதுங்கள். நாலு உண்மையான சொற்கள்: எஸ்-யு-என், எஃப்-ஏ-என், எம்-ஏ-என், ஆர்-யு-என். நாலு பொய்ச் சொற்கள்: வி-ஏ-எம், எல்-யு-என், எஃப்-ஓ-எம், ஜே-இ-எஸ். "இவை நானே உண்டாக்கிய விளையாட்டுப் பெயர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொய்ச் சொல் எதற்கு என்று கேட்பீர்கள். பிள்ளை அதை எங்கேயும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வைக்கிற ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்கள். அவற்றில் பாதி இப்படிப்பட்ட பொய்ச் சொற்கள்தான்.

முடிவை எப்படிப் புரிந்துகொள்வது? இரண்டு வகையையும் வாசித்தால், மூன்றெழுத்துச் சொற்களைக் கூட்ட வந்துவிட்டது. ஆரம்ப ஃபோனிக்ஸ் வகுப்பு வேண்டாம், கதைப்புத்தகம் வாங்கிக்கொடுங்கள். உண்மைச் சொல்லை வாசித்து, பொய்ச் சொல்லில் தடுமாறினால், மனப்பாடத்தில் ஓடுகிறது, ஃபோனிக்ஸ் வேண்டும். இரண்டும் வரவில்லை என்றால் தாளை எடுத்து வைத்துவிடுங்கள். "ஸ்... அ... ன்" என்று பிரித்துச் சொல்லி, "சேர்த்தால் என்ன?" என்று வாயாலேயே கேளுங்கள். அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு முன் காதைப் பழக்க வேண்டும். எதுகைச் சொல் விளையாட்டு, முதல் ஒலி கண்டுபிடிக்கிற விளையாட்டு இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

நாலாவது வகையும் உண்டு. எட்டையும் வாசிக்கும், வாக்கியத்தையும் வாசிக்கும், அர்த்தம் கேட்டால் விழிக்கும். நம் வீடுகளில் இது அதிகம். இதற்கு ஃபோனிக்ஸ் மருந்து அல்ல. அந்தப் பிள்ளைக்குச் சொல்வளம்தான் தேவை. படித்ததைத் தமிழில் பேசவிடுங்கள், ஆங்கிலத்தில் கதை சொல்லுங்கள். அமெரிக்காவில் 2000-இல் வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, ஒழுங்கான வரிசையில் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் பலன் தருகிறது என்றது. அதே அறிக்கை ஒலியுணர்வு, சரளம், சொல்வளம், பொருளுணர்தல் ஆகியவற்றையும் சேர்த்தே பேசியது.

எந்த வயதில் பார்ப்பது? நான்கு வயதுப் பிள்ளையை இதற்காக உட்கார வைக்காதீர்கள். ஒன்றாம் வகுப்பு முடியும்போது புதிய மூன்றெழுத்துச் சொற்களைக் கூட்டி வாசிக்க வர வேண்டும். இரண்டாம் வகுப்பு பாதி தாண்டியும் வரவில்லை என்றால், "தானா வந்துரும்" என்று காத்திருக்காதீர்கள். நான்காம் வகுப்பில் இருந்தாலும் வெட்கப்படாமல் கீழிருந்து தொடங்கலாம். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். வகுப்பின் எண்ணைவிடப் பிள்ளை நிற்கும் இடம்தான் முக்கியம் என்ற அந்த நோக்கு நம் வீட்டுக்கும் பொருந்தும்.

சொல்லிக்கொடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் ஊரில் பல இடங்களில் தவறுவது இங்கேதான். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் 'புக்' நம் வாயில் 'புக்கு' ஆகிவிடுகிறது. இதே பழக்கத்தில் எழுத்தின் ஒலியையும் 'கு', 'டு', 'பு' என்று சொல்லிக்கொடுத்தால், பிள்ளை எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் சரியான சொல் வராது. கடைசியில் ஒட்டும் அந்த உகரத்தை வெட்ட வேண்டும். முதலில் 'ம்ம்ம்', 'ஸ்ஸ்ஸ்', 'ஃப்ஃப்ஃப்' என்று இழுக்க முடிகிற ஒலிகளில் தொடங்குங்கள். வல்லின ஒலிகளைச் சட்டென்று நறுக்கிச் சொல்லுங்கள். வகுப்பில் சேர்ப்பதாக இருந்தால், ஆசிரியரை நாலு ஒலி சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உகரம் ஒட்டினால் யோசியுங்கள். படித்த ஒலிகளை வைத்தே வாசிக்கிற சிறு புத்தகம் தருகிறார்களா என்றும் பாருங்கள். வெறும் பாட்டும் வண்ணத்தாளும் போதாது.

மூன்றெழுத்துச் சொற்கள் வந்தபின் எஸ்ஸும் ஹெச்சும் சேர்ந்தால் 'ஷ்' என்பது போன்ற கூட்டெழுத்துகள். பிறகு, ஃபின் என்ற சொல்லின் கடைசியில் ஒரு 'இ' சேர்ந்தால் ஃபைன் ஆவது போன்றவை. தினம் பத்து நிமிடம் போதும்.

எல்லாச் சொல்லும் இந்த வழிக்கு வராது. குற்றாலத்தின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒலித்துப் பாருங்கள், முன்பாதி 'கோர்ட்' ஆகிவிடும். 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கிலப் பெயரைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது; சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பழகிய எழுத்துக்கூட்டல் லேசில் மாறாது. அப்படிப்பட்ட சொற்களைத் தனியே மனதில் பதிய வைக்க வேண்டியதுதான். அவை ஒரு பங்குதான், மீதிப் பெரும்பங்குக்கு ஒலி கைகொடுக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளை தமிழை எப்படி வாசிக்கிறது என்றும் பாருங்கள். தமிழ் சரளமாக வந்து ஆங்கிலம் மட்டும் தடுமாறினால், பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுத்த முறைதான் குறை. இரண்டிலும் தடுமாறினால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்து, நல்ல பயிற்சிக்குப் பிறகும் முன்னேற்றம் இல்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகள் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதற்கு உதவி உண்டு, தேர்வில் சலுகையும் உண்டு. மறைத்து வைத்தால் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் வந்துவிடும். அதற்கு முன் ஒரு நாள் அந்த எட்டுச் சொல் தாளை எழுதிப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். அடுத்த அறையில் இருந்துகொண்டு "மக்கு" என்று சொன்னாலும் பிள்ளைக்குக் கேட்கும். வாசிக்கத் தெரியாததை ஒப்பித்து மறைக்கிற பிள்ளை உள்ளுக்குள் பயந்துபோயிருக்கிறது. அந்தப் பயத்தை எடுப்பதுதான் நம் முதல் வேலை.