முதலைத் தொடாத கொடை



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இன்னும் சில மாதங்களில் முதல் சம்பளம் வாங்கிவிடுவீர்கள். அதில் ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மேயராக இருந்தவர் பிரையன் முல்லன்ஃபி. 1851இல் அவர் இறந்தபோது, சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அறத்துக்கு எழுதி வைத்திருந்தார். மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த ஊருக்கு வரும் ஏழைகளுக்கே அது சேர வேண்டும் என்பது நிபந்தனை. அன்றைக்கு அது பெரிய தேவை. பிறகு ரயில் வந்தது, வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போகிறவர்கள் குறைந்துபோனார்கள். பணம் இருந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இறந்தவரின் நிபந்தனை இருப்பவரின் கையைக் கட்டிப்போடுவதைக் கண்டு வருந்தியவர் கிளீவ்லாந்து நகர வங்கியாளர் ஃபிரெட்ரிக் காஃப். 1914இல் அவர் கிளீவ்லாந்து அறக்கட்டளையைத் தொடங்கினார். ஊரார் பலர் தரும் பணம் ஒரே நிதியாகச் சேரும். முதல் அப்படியே இருக்கும். வருமானம் மட்டும் செலவாகும். எதற்குச் செலவிடுவது என்பதை அந்தந்தக் காலத்து ஊர்க்குழு முடிவு செய்யும். கொடையாளர் சொன்ன நோக்கம் காலாவதியானால் அதை மாற்றும் அதிகாரமும் குழுவுக்கு உண்டு. உலகின் முதல் சமுதாய அறக்கட்டளை அதுதான்.

கொடையின் நோக்கம் காலத்தோடு மாற இடம் வேண்டும் என்பதற்கு நம் சென்னையிலும் சான்று இருக்கிறது. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில்களுக்கும் தர்மங்களுக்கும் எழுதி வைத்த சொத்து நீண்ட காலம் வழக்கில் கிடந்தது. மீந்த பணம் நீதிமன்றத்தின் வழியாகக் கல்விக்குத் திரும்பி, 1842இல் பள்ளியாயிற்று. பின்னர் அறிஞர் அண்ணா படித்த கல்லூரியாயிற்று. ஆனாலும் இந்து மாணவர்களுக்கு மட்டுமே என்றிருந்த அதன் கதவு எல்லாருக்கும் திறக்க 1947 ஆக வேண்டியிருந்தது. அதற்குள் வாசலோடு திரும்பிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

நீங்களும் இப்படியொரு பொது நிதி தொடங்கலாம். உங்கள் வகுப்பில் முந்நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 36 லட்சம், பத்தாண்டில் 3.6 கோடி. ஆண்டுக்கு நான்கு சதவீதம் மட்டும் எடுத்தால் 14.4 லட்சம் ரூபாய். விலைவாசிக்கு ஈடாக முதலும் வளர வேண்டும் என்பதால்தான் முழு வருமானத்தையும் எடுத்துவிடக் கூடாது. கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்து ஊரறிய வெளியிடுங்கள். சந்தேகம் நுழைந்த நிதிக்கு இரண்டாவது ரூபாய் வராது.

பத்திரம் எழுதும் நாளில் யாராவது 'எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். பெரிய தொகையோடுதான் வருவார்கள். அந்தத் தொகையை வாங்காதீர்கள். ஐம்பது ஆண்டு கழித்து நிதியை நடத்தப்போகிறவர்கள் நோக்கத்தை மாற்றிக்கொள்ள இடம் தரும் ஒரு வரியை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.