பெரிய வேலை கிடைத்தால் முதலில் அளந்து பாருங்கள்

(சுயதொழில் செய்வோருக்காக நடைபெற்ற ஆலோசனைக் கூட்டமொன்றில், இணையத்தள வடிவமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நான் இங்கு பெரிய வெற்றிக்கதை சொல்ல வரவில்லை. கையைச் சுட்டுக்கொண்ட கதை ஒன்றைத்தான் சொல்லப்போறன். நீங்களும் அதே நெருப்பிலை கை வைக்கக்கூடாது எண்டதுக்காக.

2009இல் ஒரு நிறுவனம் தங்கள் பழைய இணையத்தளத்தைப் புதிதாக மாற்றித்தரக் கேட்டது. 4,000 பவுண்ஸ் தருவதாகச் சொன்னார்கள். அதுவரை நான் கடைக்காரருக்கு ஐந்து பக்கம், பத்துப் பக்கம் செய்து கொடுத்தவன். தொகையைக் கேட்டவுடன் தலை சுற்றிவிட்டது. "தோற்றத்தை மட்டும் மாற்றினால் போதும்" என்றார்கள். நானும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். எழுத்தில் ஒன்றும் இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் 260 பக்கங்கள்! படங்கள் வரவில்லை, எழுத்து வரவில்லை. ஒருவர் நீலம் என்றார், மற்றவர் பச்சை என்றார். ஏழு மாதம் இழுபட்டது. கடைசியில் முகாமையாளர் மாறினார். புதியவர் "இது எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று முடித்துவிட்டார். கையில் கிடைத்தது 800 பவுண்ஸ். கிட்டத்தட்ட 600 மணித்தியாலம் உழைத்திருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு 1 பவுண் 33 பென்ஸ். அந்த வருடம் வீட்டு வாடகையை மச்சானிடம் கடன் வாங்கித்தான் கட்டினேன்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. ஆகவே சில விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, உங்களுக்கு அனுமதி இருக்கிறதா? அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள் பிரித்தானியாவில் சுயதொழில் செய்யலாம். ஆனால் அகதி வழக்கு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள், வேலை அனுமதி பெற்றிருந்தாலும், சுயதொழில் செய்ய முடியாது. மாணவர் விசாவிலும் முடியாது. "தெரிந்தவருக்குத்தானே செய்யிறன்" என்று நினைத்து வழக்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் முதலில் உங்கள் சொலிசிற்றரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, விலை சொல்லமுன் எண்ணுங்கள். எத்தனை பக்கம், எத்தனை வகைப் பக்கம், எழுத்தும் படமும் யார் தருவது, படிவங்கள், பணம் செலுத்தும் பகுதி எல்லாம் உண்டா என்று கேளுங்கள். இந்த ஆராய்ச்சியே பல நாள் வேலை. அதை ஒரு தனிச் சிறு வேலையாக எடுத்து அதற்குக் காசு வாங்குங்கள். அதன் பிறகுதான் முழு விலை.

மூன்றாவது, எழுதி வையுங்கள். என்ன செய்வீர்கள், என்ன செய்யமாட்டீர்கள், எத்தனை தடவை திருத்தம், எந்தத் திகதிக்குள் அவர்கள் எழுத்துகளைத் தரவேண்டும், முடிவு சொல்லும் ஒரே ஆள் யார்? இரண்டு பக்கம் போதும், ஆங்கிலத்தில் எளிமையாக. தொலைபேசியில் புதிதாக ஏதும் கேட்டால், "சரி, அதற்கு இவ்வளவு, இத்தனை நாள்" என்று அன்றே மின்னஞ்சல் போடுங்கள். இது சண்டை இல்லை, கணக்கு.

நான்காவது, பணத்தைக் கட்டம் கட்டமாக வாங்குங்கள். 4,000 என்றால், தொடங்கமுன் 1,000, வடிவம் ஒப்புக்கொண்டதும் 1,000, பரீட்சார்த்தத் தளம் தயாரானதும் 1,000, வெளியிடமுன் கடைசி 1,000. சுயதொழிலாளர் செய்த வடிவமைப்பின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை பொதுவாக அவருக்கே உரியது. "முழுத்தொகை கிடைத்த பின்னரே உரிமை மாறும்" என்று ஒரு வரி சேருங்கள்.

காசு தராமல் இழுத்தால்? 1998ஆம் ஆண்டின் தாமதக் கொடுப்பனவுச் சட்டப்படி, வியாபாரங்களுக்கிடையிலான கடனுக்கு, ஒப்பந்தத்தில் வேறு வட்டி குறிக்கப்படாவிட்டால், இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டியுடன் மேலும் 8 வீதம் கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக 10,000 பவுண்ஸ் வரையான வழக்கைச் சிறு கோரிக்கை முறையில் சட்டத்தரணி இல்லாமலே போடலாம். எனக்கு அன்று இது தெரியாது. ஆனால் ஒன்று, கோபத்தில் அவர்களின் தளத்துக்குள் போய் அதை நிறுத்தாதீர்கள். அது குற்றமாகிவிடும்.

ஐந்தாவது, பழைய வீட்டை இடிக்கமுன் சாமான்களை எடுத்து வையுங்கள். பழைய தளத்தின் முழுப் பிரதியொன்று எடுங்கள். பக்க முகவரிகள் மாறினால், பழைய ஒவ்வொரு முகவரியும் புதியதற்குத் திருப்பிவிடப்பட வேண்டும். அதை 301 என்பார்கள். செய்யாவிட்டால் கூகிள் வழியாக வருபவர்கள் வெறும் பிழைப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். பழி உங்கள் தலையில். வெள்ளிக்கிழமை மாலையில் வெளியிடவும் வேண்டாம். பிழை வந்தால் சனி, ஞாயிறு உதவிக்கு ஆள் இராது.

கடைசியாக, வந்த காசு முழுதும் உங்களுடையதல்ல. வரிக்கென ஒரு பங்கை வேறு கணக்கில் போடுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 5இல் முடிகிறது. புதிதாகத் தொடங்கியவர்கள், பதியவேண்டிய அளவு வருமானம் இருந்தால், அடுத்து வரும் ஒக்டோபர் 5க்குள் பதியவேண்டும். யுனிவேர்சல் கிரெடிற் எடுப்பவர்கள் காசு கைக்கு வந்த மாதத்தின் கணக்கிலேயே அதை அறிவிக்கவேண்டும். மொத்தமாக வந்தால் அந்த மாத உதவித்தொகை நன்றாகக் குறையலாம். கட்டம் கட்டமாக வாங்க அதுவும் ஒரு காரணம்.

பெரிய வேலைக்குப் பயப்படச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அதைவிடப் பெரிய தளமொன்றை எடுத்தேன். இந்தமுறை எண்ணினேன், எழுதினேன், முற்பணம் வாங்கினேன். "இவ்வளவு கேள்வி கேட்கிற ஆளை நம்பலாம்" என்றுதான் அந்த வேலையையே தந்தார்கள்.

கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்துதான் அன்று வாயைத் திறக்காமல் இருந்தேன். நீங்கள் கேளுங்கோ.