வேலியும் நிலமும்

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோக்கிளசு என்னுங் கிரேக்க அறிஞர், யூக்கிளிட்டின் கேத்திரகணித நூலுக்கு எழுதிய உரையிலே நிலப் பங்கீட்டு மோசடியொன்றைக் குறித்து வைத்துள்ளார். சுற்றளவு கூடிய காணியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, பரப்பளவு கூடியதைத் தமக்கென எடுத்துக்கொண்டவர்கள் அக்காலத்தில் இருந்தார்களாம். விளைச்சலில் மிகுதியும் அவர்களுக்கு. நேர்மையாளர் என்ற பெயரும் அவர்களுக்கே!

இஃது எவ்வாறு இயலும்? நேயர்கள் 50 யார் நீளமான கயிறொன்றை மனத்தில் எண்ணிக்கொள்க. அதனை 13, 13, 24 யார் பக்கங்களையுடைய முக்கோணியாக முளையடித்துக் கட்டினால், உள்ளே அடங்கும் நிலம் எவ்வளவு? உச்சியிலிருந்து 24 யார் அடிக்குச் செங்குத்தொன்று வரைந்தால், அஃது அடியை 12, 12 எனச் சமமாகப் பிரிக்கும். இப்போது 13 யார் பக்கம் ஒரு செங்கோண முக்கோணியின் செம்பக்கமாகிறது. 13இன் வர்க்கம் 169, 12இன் வர்க்கம் 144, வித்தியாசம் 25, அதன் வர்க்கமூலம் 5. ஆகவே உயரம் 5 யார். அடியில் அரைவாசியாகிய 12ஐ 5ஆற் பெருக்க, 60 சதுர யார். அதே கயிற்றை 17, 17, 16 எனக் கட்டினால் உயரம் 15 யாராகும். நிலமோ 120 சதுர யார். வேலியின் நீளம் ஒன்றே; நிலம் இருமடங்கு. ஏமாந்தவர் வேலியைச் சுற்றி நடந்து பார்த்தாரேயன்றி, ஒருமுறையேனுங் குறுக்கே அளந்து பார்த்தாரல்லர்.

வட்டத்துக்கு உச்சியுமில்லை, அடியுமில்லை. ஆயினும் அதனை அளக்கும் வழியும் முக்கோணியூடாகவே வருகிறது. மையத்திலிருந்து பரிதிவரை ஆரைகளை நெருக்கமாக வரைந்தால், வட்டம் ஒடுங்கிய துண்டுகளாகப் பிரியும். துண்டு ஒடுங்க ஒடுங்க, அதன் வளைந்த அடி நேர்கோட்டை நெருங்கி, துண்டும் முக்கோணியை ஒத்துவிடும். எல்லாத் துண்டுகளுக்கும் உயரம் ஆரையே. அடிகள் யாவற்றையுங் கூட்டினால் வருவது பரிதி. ஆகவே பரிதியில் அரைவாசியை ஆரையாற் பெருக்க, வட்டத்தின் பரப்பளவு பெறப்படும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவியவர் ஆக்கிமிடீசு. காரி நாயனாரின் கணக்கதிகாரமும் சுற்றளவின் பாதியையும் விட்டத்தின் பாதியையும் பெருக்கும்படியே கூறுகிறது. விதியை மனனஞ் செய்விப்போர் பலர். துண்டுகளை வரைந்து காட்டுவோர் சிலரே.

முன்னர்க் கூறிய 50 யார் கயிற்றை வட்டமாக வளைத்தால்? பரிதியானது விட்டத்தைப்போல ஏறக்குறைய 3 1/7 மடங்கு. ஆதலால் விட்டம் ஏறத்தாழ 15.9 யார், ஆரை 7.95 யார். பரிதியின் பாதியாகிய 25ஐ அதனாற் பெருக்க, ஏறத்தாழ 199 சதுர யார். அக்கயிற்றை வேறெந்த வடிவில் வளைத்தாலும் இத்துணை நிலம் உள்ளே அடங்காது.