கப்பல் வழியறியும் கலையும் கடற் பாதுகாப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்வி வழிகாட்டல் அமர்வில், வணிகக் கப்பல்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற நமதூர்ச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கப்பல் வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மார்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இப்போதுதான் எல்லாவற்றுக்கும் கருவி வந்துவிட்டதே, இனிப் பயமில்லைதானே?" இக்கேள்விக்கு ஆம் என்றும் இல்லை என்றும் ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அந்த விடையைச் சற்று விரிவாகக் கூறவே இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

'மாலுமி' என்னும் சொல்லே 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு என்று அகராதியாளர்கள் கூறுவர். முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். கடலில் வழி தெரிந்தவரை ஆசிரியர் என்றே அக்கால மக்கள் அழைத்தனர். அத்தகைய ஆசிரியர்களுள் தலைசிறந்தவர் அஹ்மத் இப்னு மாஜித். இன்றைய ராஸல் கைமா பகுதியிலிருந்த ஜுல்ஃபாரில் பிறந்து, பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். கடற்கலையின் அடிப்படைகளைப் பற்றி அவர் எழுதிய 'கிதாபுல் ஃபவாயித்' 1490-ஆம் ஆண்டை ஒட்டி நிறைவுற்றது. வாஸ்கோடகாமாவுக்கு வழிகாட்டி அழைத்து வந்தவர் இவர்தான் என்று நம் மேடைகளில் கூறும் வழக்கம் உண்டு. ஆராய்ச்சியாளர் பலர் அதனை ஏற்பதில்லை. அந்த வழிகாட்டி ஒரு குஜராத்தி என்றே பழைய போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். இப்னு மாஜிதின் பெருமைக்கு அந்தக் கதை தேவையுமில்லை.

அன்றைய முறை என்ன? வடக்கே செல்லச் செல்லத் துருவ நட்சத்திரம் உயரும். தெற்கே வர வரத் தாழும். அந்த உயரத்தை அளந்தால் கப்பல் எந்த அகலாங்கில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அளப்பதற்கு ஒரு சிறு மரப்பலகை. அதன் நடுவில் ஒரு துளை. துளையில் கோத்த கயிற்றில் முடிச்சுகள். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு நட்சத்திரத்தையும் தொடுமாறு நகர்த்த வேண்டும். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சு. அந்த முடிச்சு பல்லுக்கு வந்துவிட்டால், துறைமுகத்தின் நேர்கோட்டை அடைந்துவிட்டோம் என்று பொருள். பிறகு கிழக்கோ மேற்கோ திரும்பி ஓடினால் போதும். அரபியர் இதனைக் 'கமால்' என்றனர். நம் சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் இது 'ராப்பலகை' என்ற பெயரில் வழங்கியது. 1850-ஆம் ஆண்டில்கூட இக்கரையின் மரக்கலங்களில் இத்தகைய கருவி பயன்பட்டதை காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை ஆய்விதழ் ஒன்றில் குறித்து வைத்துள்ளார்.

அளவின் பெயர் 'இஸ்பஃ', அதாவது விரல். நம்முடைய விரற்கடையைப் போன்றதே. முழு வட்டத்துக்கு 224 விரல் எனக் கணக்கிட்டனர். ஆகவே ஒரு விரல் என்பது கடலில் ஏறக்குறைய 96 கடல் மைல். கால் விரல் பிசகினால் 24 மைல் பிசகும். போதாக்குறைக்கு, அக்காலத்தில் துருவ நட்சத்திரம் வடமுனையிலிருந்து மூன்று பாகைக்கும் மேல் விலகி நின்றது. அதற்கும் திருத்தம் போட வேண்டும். நம் தென்கரையிலோ அது அடிவானத்துக்கு மேல் எட்டொன்பது பாகை உயரத்தில்தான் நிற்கும். மூடுபனி இருந்தால் கண்ணுக்கே தென்படாது. எனவே அவர்கள் ஒரு நட்சத்திரத்தை மட்டும் நம்பவில்லை. வேறு நட்சத்திரங்களைப் பார்த்தனர். ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கடலில் இறக்கி, ஒட்டி வரும் மண்ணையும் சேற்றையும் பார்த்தனர். நீரின் நிறம், கடற்பாம்பு, பறவை, காற்றின் திசை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தனர். தம் கருவி நுட்பமற்றது என்று அவர்களுக்குத் தெரியும். எனவே ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல அவர்கள் துணியவில்லை. இன்று நான் கூற வந்த செய்தியின் வேர் இதில்தான் இருக்கிறது.

அகலாங்கு கிடைத்தது, நெட்டாங்கு கிடைக்கவில்லை. 1707-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படையின் நான்கு கப்பல்கள் தம் இருப்பிடம் அறியாமல் சிலித் தீவுப் பாறைகளில் மோதின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் நெட்டாங்கைக் கண்டறிவோருக்கு இருபதாயிரம் பவுன் பரிசு என்று பாராளுமன்றம் சட்டமே இயற்றியது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் பெரிய வானியல் அறிஞர்களை விஞ்சி, ஒரு கடிகாரத்தால் அதற்கு விடை தந்தார். பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பிசகாமல் கையில் வைத்திருந்தால் கிழக்கு மேற்குத் தொலைவு கணக்கில் வந்துவிடும். 1761-இல் ஜமைக்காவுக்குச் சென்ற அக்கடிகாரம் பல வாரப் பயணத்தில் சுமார் ஐந்து நொடியே பிசகிற்று. நம் சென்னையிலும் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் எழுந்ததற்குக் கப்பல்களின் தேவையும் ஒரு காரணமாகும்.

இன்றைய ஜி.பி.எஸ். கருவியும் அடிப்படையில் கடிகாரமே. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்புகின்றன. நான்கு கோள்களின் அலைகள் வந்துசேரும் கால வேறுபாட்டைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் 300 மீட்டர் பிழை வரும். அவ்வளவு நுட்பமான கணக்கு நம் உள்ளங்கைத் தொலைபேசியிலேயே நடக்கிறது.

இனி, அந்த நுட்பம் ஏமாற்றிய கதை. 1995 ஜூன் 9 அன்று நண்பகலில் 'ராயல் மெஜஸ்டி' என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கம்பி கழன்றுவிட்டது. கருவி நின்றுபோகவில்லை. நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும்! வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசமாகக் கணக்கிடும் முறைக்குத் தானே மாறிக்கொண்டு, வழக்கம்போல எண்களைக் காட்டிக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறிப்புத் தோன்றியது, எவரும் கவனிக்கவில்லை. காற்றும் நீரோட்டமும் கப்பலை மேற்கே தள்ளின. தானியங்கிச் சுக்கானோ, தவறான எண்களை நம்பிச் சரியாகத் திருப்பிக்கொண்டிருந்தது.

அதே மேல்தளத்தில், தரை நிலையங்களின் வானொலி அலையால் இயங்கும் லோரான் என்னும் கருவியும் இருந்தது. அது சரியான இடத்தைக் காட்டிற்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் இல்லை. மறுநாள் மாலை எதிர்பார்த்த நேரத்தில் ராடாரில் ஒரு மிதவை தெரிந்தது. தாம் தேடிய மிதவையே என்று முதன்மை அதிகாரி எண்ணிக்கொண்டார். அது வேறொரு மிதவை. அடுத்த மிதவை தென்படவே இல்லை. ஆயினும் கண்டதாகவே அடுத்த அதிகாரி கேப்டனிடம் கூறிவிட்டார். காவலுக்கு நின்ற மாலுமிகள் எதிர்பாராத விளக்குகளைக் கண்டு சொன்னார்கள். பின்னர் எதிரே நீர் வெளுத்துத் தெரிகிறது என்றும் சொன்னார்கள். அவர்கள் கூறியதைக் கேட்டுக்கொண்டார்களே தவிர எதுவும் செய்யவில்லை. ஆழமானியின் எச்சரிக்கை மணியும் பயனற்ற அளவில் வைக்கப்பட்டிருந்தது. இரவு 10.25 மணிக்கு, நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் கப்பல் ஏறி நின்றது. வழியிலிருந்து 17 மைல் விலகல்! கப்பலில் இருந்தவர் 1,509 பேர். இறைவன் அருளால் ஒருவருக்கும் காயமில்லை.

இதனைச் சொல்லும்போது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லவில்லை. இளம் அதிகாரியாக இருந்த நாளில் செங்கடலின் ஒரு துறைமுகத்தை நள்ளிரவில் நெருங்கினோம். புதிதாகப் பொருத்திய ஜி.பி.எஸ். காட்டிய இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டு நான் மனநிறைவோடு இருந்தேன். சுக்கான் பிடித்திருந்த முதியவர், "சாப், கலங்கரை விளக்கு இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லையே" என்றார். எனக்குக் கோபமே வந்தது. திசைகாட்டியை வைத்து விளக்கின் கோணத்தை எடுத்துப் பார்த்தபோதுதான், சில நூறு மீட்டர் பவளப்பாறைப் பக்கமாக நாங்கள் ஒதுங்கியிருப்பது தெரிந்தது. கருவியிலும் பிழையில்லை, வரைபடத்திலும் பிழையில்லை. பழைய அளவாய்வில் வரைந்த அந்தப் படத்தின் அடிப்படை வேறு, செயற்கைக்கோளின் அடிப்படை வேறு. வரைபடத்தின் மூலையில் அச்சிட்டிருந்த அந்தக் குறிப்பை நான் படித்திருக்கவில்லை. அந்த முதியவர் எழுதப் படிக்க அறியாதவர்.

ராடார் வந்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. 1956 ஜூலை 25 அன்று மூடுபனியில் 'ஆன்ட்ரியா டோரியா', 'ஸ்டாக்ஹோம்' என்ற இரு கப்பல்களும் ஒன்றையொன்று ராடாரில் பார்த்துக்கொண்டே வந்து மோதின. 51 பேர் இறந்தனர். எதிரே வருவது எந்தப் பக்கம் கடந்து செல்லும் என்பதை இருவரும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டனர். திரையில் தெரிவதைத் தாளில் வரைந்து கணக்கிடாததே குறை. நீங்கள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவுடன் ராடார் கணிப்பு வரைதலை அலுப்பூட்டும் அளவுக்குச் செய்யச் சொல்வார்கள். ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

பாதுகாப்பு விதிகள் அனைத்துக்கும் பின்னால் இப்படி ஒரு துயரம் இருக்கிறது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவே 1914-இல் உருவான கடலில் உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கை. அதன் இன்றைய வடிவின்படி, 1999 முதல் பெரிய கப்பல்கள் அனைத்திலும் ஆபத்துக் கால வானொலி முறை முழுமையாகக் கட்டாயம். 2004-இன் இறுதியோடு, தன் பெயரையும் இடத்தையும் வேகத்தையும் தானே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் கட்டாயமாயிற்று. கப்பல் மூழ்கினால் நீரழுத்தத்தில் தானே விடுபட்டு மிதந்து, செயற்கைக்கோளுக்கு அபயக்குரல் அனுப்பும் மிதவைக் கருவி ஒன்று உண்டு. இந்தியப் பகுதியின் அபயக்குரல்களைப் பெங்களூரிலுள்ள நிலையம் பெற்றுத் தருகிறது.

சிறு படகுகளுக்கு இவை தாமதமாகவே வந்தன என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் கைப்பேசியும் சாதாரண வானொலியும் எட்டாத தொலைவில் இருந்தன. எச்சரிக்கை போய்ச்சேரவில்லை, எத்தனையோ குடும்பங்கள் தந்தையையும் பிள்ளையையும் ஒருசேர இழந்தன. அதன் பின்னரே, நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் வழியாக நடுக்கடலுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் பரவத் தொடங்கின. இஸ்ரோ 2024-இல் அறிமுகப்படுத்திய புதிய அபாயக் கருவி, உதவிக் குரல் கேட்கப்பட்டது என்ற பதிலையும் படகுக்குத் திருப்பித் தருகிறது. நடுக்கடலில் தத்தளிப்பவனுக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிது என்பதை அனுபவித்தவர்களே அறிவர். நம்மூர்ப் படகு வைத்திருப்போர் இதைப் பொருத்திக்கொள்வதில் அலட்சியம் காட்ட வேண்டாம். கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதைய ஆராய்ச்சி எதைப் பற்றியது என்றால், செயற்கைக்கோள் அலையையே கெடுப்பவர்களைப் பற்றியது. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலை மிக மெலிந்தது. அதை மறைப்பதும் போலி அலை அனுப்புவதும் எளிது. 2013-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உரிமையாளரின் ஒப்புதலோடு, மத்தியதரைக் கடலில் ஓர் உல்லாசப் படகைப் போலி அலையால் வழிதிருப்பிக் காட்டினர். எந்த எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. 2017 ஜூனில் கருங்கடலில் இருபது கப்பல்களளவில் தாம் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகத் தம் கருவிகளில் கண்டன. 2025 மே மாதம் ஜித்தாவுக்கு அருகே ஒரு பெரிய சரக்குக் கப்பல் தரைதட்டியதற்கும் அலைக்குறுக்கீடே காரணமாக இருக்கலாம் என்று வல்லுநர்கள் கருதினர். அடுத்த மாதமே போர்ச்சூழலில் ஹோர்முஸ் நீரிணைப் பகுதியில் நூற்றுக்கணக்கான கப்பல்களின் இருப்பிடம் தாறுமாறாகத் தெரிந்தது. இவை எங்கோ உள்ள கடல்கள் அல்ல. நம் பிள்ளைகள் நாள்தோறும் ஓடும் பாதைகள்.

இதற்கு மாற்றாக என்ன செய்கிறார்கள்? ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள், தம் செய்தி போலியன்று என்பதற்கு அதனுள்ளேயே முத்திரை வைத்து அனுப்பத் தொடங்கியுள்ளன. வடகொரியாவின் குறுக்கீட்டால் தொல்லையுற்ற தென்கொரியா, பழைய லோரானின் புதிய வடிவத்தை அமைத்துச் சோதித்து வருகிறது. ஆம், அன்று ராயல் மெஜஸ்டியில் எவரும் பார்க்காத அதே லோரான்தான். அமெரிக்கக் கடற்படைக் கழகமோ 1990-களின் இறுதியில் கைவிட்ட நட்சத்திரக் கணிப்புப் பாடத்தை 2015-இல் மீண்டும் கொண்டுவந்தது. இப்னு மாஜித் அறிந்தால் வியந்திருக்க மாட்டார்.

இளைஞர்களுக்கு ஒன்று. தேர்வுக்காக மட்டும் செக்ஸ்டன்டைத் தொட்டுவிட்டுப் பெட்டியில் பூட்டிவிடும் பழக்கம் கப்பல்களில் பெருகிவிட்டது. என்னிடம் பழைய செக்ஸ்டன்ட் ஒன்று இருக்கிறது. கண்ணாடி சற்று மங்கியிருந்தாலும் அளவு சரியாகவே காட்டுகிறது. ராப்பலகை ஒன்றையும் நம்மூர்த் தச்சரைக் கொண்டு செய்து வைத்துள்ளேன். பெருநாள் விடுமுறையில், அஸர் தொழுகைக்குப் பின் கடற்கரைக்கு வருவோருக்கு முதலில் சூரியனையும், இருட்டுவதற்குள் நட்சத்திரத்தையும் எடுக்கக் கற்றுத் தருகிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் ஜமாஅத் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். நிர்வாகிகளிடம் அனுமதி பெற்றுள்ளேன்.