அயல் நகரில் ஒரு வாடகை வீடு



'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது நம் பழமொழி. அயல் நகரம் ஒன்றில் முதன்முதலாக வாடகை வீடு தேடியவர்கள், அதனுடன் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் பலர் இன்று உயர்கல்வியை நாடி ஜெர்மனிக்குச் செல்கின்றனர். ஆகவே அந்நாட்டுத் தலைநகராகிய பெர்லினையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே வீடு தேடிய நாள்களில், நானும் ஒரு மாதம் அந்நகரில் தங்கியிருந்தேன்.

முதற்கண், சொற்களின் பொருளை அறிதல் வேண்டும். 'இரண்டு அறை வீடு' என்று அங்கே விளம்பரம் செய்தால், கூடத்தையும் ஓர் அறையாக எண்ணிக்கொள்ள வேண்டும். சமையலறையும் குளியலறையும் கணக்கில் சேரா. வாடகையிலும் இருவகை உண்டு. 'கால்ட்மீட்டே', அதாவது குளிர்ந்த வாடகை என்பது வெறும் வீட்டுக்கு மட்டும் உரியது. அதனோடு தண்ணீர், குப்பை அகற்றுதல், வெப்பமூட்டுதல் முதலிய செலவுகளைக் கூட்டினால் அது 'வார்ம்மீட்டே', அதாவது சூடான வாடகை ஆகும். மின்சாரக் கட்டணம் பெரும்பாலும் இதற்கும் புறம்பானது. குளிர்ந்த வாடகையை மட்டும் பார்த்து மகிழ்ந்தவன், மாத முடிவில் கையைப் பிசைய நேரிடும்.

இனி, புதிதாகச் செல்பவரைத் திகைக்க வைக்கும் சிக்கல் ஒன்று உண்டு. குடிபுகுந்த இரண்டு வாரத்திற்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு கொடுத்தவரின் சான்று தேவை; 2015 நவம்பர் முதல் இது கட்டாயமாகியுள்ளது. பிற அலுவல்கள் பலவும் அந்தப் பதிவையே எதிர்நோக்கி நிற்கின்றன. வீட்டுக்காரரோ, 'ஷூஃபா' என்னும் நிறுவனம் தரும் கடன் நாணயச் சான்றைக் கேட்பார். நேற்று வந்திறங்கியவனுக்கு அந்நாட்டில் கடன் வரலாறு ஏது? ஆதலால், பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவுடனேயே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுதல் நலம். அது கிட்டாவிடில், பலர் கூடி வாழும் வீட்டில் ஓர் அறையைப் பெற்று, நிதானமாகத் தனி வீடு தேடலாம்.

இவ்விடத்தில்தான் வஞ்சகரும் காத்திருக்கின்றனர். என் மாணவருக்கு ஒரு கடிதம் வந்தது. அழகிய வீடு, குறைந்த வாடகை. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். பணம் அனுப்பினால் சாவி தபாலில் வருமாம்! ஆறு வாரம் அலைந்து சலித்த பிள்ளைக்கு அது தெய்வம் அனுப்பிய ஓலையாகத் தோன்றியது. "தம்பி, நீ நேரில் பாராத வீட்டிற்கு ஒரு காசும் தராதே," என்றேன். மறுநாள் இருவரும் அந்தத் தெருவிற்குப் போனோம். கடிதத்தில் கண்ட எண்ணில் இருந்தது ஒரு பூக்கடை. அவர் அனுப்பவிருந்த தொகை, அவருடைய தந்தையார் நிலத்தை அடகு வைத்துத் திரட்டியது.

சட்டம் அறிந்தவனை ஏய்ப்பது அரிது. முன்பணம் மூன்று மாதக் குளிர்ந்த வாடகைக்கு மேற்படலாகாது என்பது ஜெர்மானியச் சட்டம். அதையும் மூன்று மாதத் தவணைகளில் செலுத்தக் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. வீட்டுக்காரர் அதைத் தம் பணத்தோடு கலவாமல் தனியே வைக்க வேண்டும். வட்டியும் குடியிருப்பவரையே சேரும். வீட்டுத் தரகரைப் பொறுத்தமட்டில், அவரை அமர்த்தியவரே கூலி தரவேண்டும் என்பது 2015 முதல் உள்ள விதி. சாவி வாங்கும் நாளில், சுவரின் கீறல் முதல் மின்மானியின் எண் வரை எழுதி, இருவரும் கையொப்பமிடுவது அங்குள்ள நல்வழக்கம். காலி செய்வதற்குப் பொதுவாக மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும். அதுவும் கையொப்பமிட்ட எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும்.

மற்றொன்று. இனத்தைக் காரணம் காட்டி வீடு மறுத்தலை, அங்கே 2006 முதல் ஒரு சட்டம் தடுக்கிறது. ஆயினும் சட்டத்தின் கண்ணில் படாமல் மறுப்பவர்களும் இல்லாமலில்லை. பெயரைக் கேட்டதும் குரல் மாறியதை என் மாணவர் இருமுறை உணர்ந்தார். அவர் முகத்தில் அன்று கண்ட வாட்டம் என்னை உறுத்தியது. நம் ஊர்த் தெருக்களை நினைக்கச் செய்தது. வீடு கேட்டு வருபவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? 'நீங்கள் எந்த ஆட்கள்?' 'கறி மீன் சமைப்பீர்களா?' என்பன அல்லவா? வடபுலத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞனும், தனியே வாழ முற்பட்ட பெண்ணும் எத்தனை வாசற்படிகளில் திருப்பி அனுப்பப்படுகின்றனர்!

என் மாணவருக்கு இறுதியில் வீடு தந்தவர் முதிய பெண்மணி ஒருவர். வாடகை ஒழுங்காக வருமா, இரவு பத்து மணிக்கு மேல் அமைதி காப்பீரா என்ற இரண்டே கேள்விகளைக் கேட்டார். அவ்விரண்டும் கேட்கத் தகுந்தவையே. நாளை நீங்கள் அயல் நகரில் வீடு தேடினாலும், நம் ஊரில் ஒருவருக்கு வீடு கொடுத்தாலும், அந்த இரண்டு கேள்விகள் போதும்.