இன்ஸ்பெக்டர் முன்னால தள்ளச் சொன்னார், போலீஸ் பின்னால தள்ளச் சொன்னார்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்று தள்ளுவண்டி, கூடைக்கடை, இட்லிக்கடை போடும் நம்ம உறுப்பினர்களைப் பற்றிப் பேசலாம்.

நம்ம அக்கா ஒருத்தர், பேர் வேண்டாம், பஸ் ஸ்டாண்டு ஓரம் இட்லி வண்டி போட்டிருந்தார். ஒருநாள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து, "சாக்கடை பக்கம் சமைக்கக் கூடாது, முன்னால தள்ளும்மா" என்றார். தள்ளினார். ரெண்டு நாள் கழித்து டிராபிக் போலீஸ் வந்து, "பஸ் திரும்புற இடம், பின்னால போம்மா" என்றார். போனார். யோசிச்சுப் பார்த்தா ரெண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஆனா அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே இல்லை. நடுவுல அல்லாடியது நம்ம அக்கா. கடைசியில் ஒருநாள் வண்டியையே ஏத்திட்டுப் போயிட்டாங்க. நாலு நாள் கழித்து வண்டி திரும்பி வந்தது. ரெண்டு அண்டா மாவும் புளிச்சு வீணாப் போச்சு. அந்த மாதத் தவணையைக் குழுவில் எல்லோரும் சேர்ந்துதான் கட்டினோம்.

அப்போது நாங்க பொறுப்பாளர்கள் ஆபீசுக்குப் போனோம். "ஏழைப் பொம்பளை, பார்த்துச் செய்யுங்க சார்" என்று கெஞ்சிவிட்டு வந்தோம். அது எங்க தப்பு. கேட்க வேண்டியது வேற.

சாலையோர வியாபாரிகளுக்கென்று 2014-இல் மத்திய அரசு சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் 2015-இல் விதிகள் வந்தன. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது சட்டம். அதற்குப் பிறகும் அகற்ற வேண்டுமென்றால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் கெடு முடிந்து பொருளை எடுத்தாலும், என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் போட்டு, கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் நம்ம கையில் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தரணும். மற்றதை ரெண்டு வேலை நாளுக்குள் தரணும். மாவு அழுகும் பொருள்தானே? அன்று "பட்டியல் எங்கே சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இதைவிடப் பெரிய விஷயம் நகர விற்பனைக் குழு. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது, எத்தனை மணிவரை என்பதையெல்லாம் இந்தக் குழுவைக் கேட்டுத்தான் முடிவு செய்யணும். நகராட்சி ஆணையர் தலைவர். உள்ளாட்சியின் மருத்துவ அலுவலர், போக்குவரத்துப் போலீஸ், சட்டம் ஒழுங்கு போலீஸ், திட்டக் குழுமம், வங்கி எல்லாம் அதே மேசையில் உட்காருவாங்க. முன்னால தள்ளச் சொன்ன துறையும் பின்னால தள்ளச் சொன்ன துறையும் அங்கேதான் ஒரு முடிவுக்கு வரணும்.

அந்த மேசையில் 100-க்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும். வியாபாரிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். அவங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 15 பேர் குழு என்றால் 6 பேர் வியாபாரிகள், அதில் 2 பேர் பெண்கள். நம்மைப் போன்ற சமுதாய அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் தனியா குறைந்தது 10 சதவீதம் உண்டு. எங்க ஊரில் வியாபாரிகள் பட்டியலை ஒட்டினபோது நம்ம ஆளுங்க போய்ப் பார்க்கவே இல்லை. சமையல், பிள்ளைங்க, கூட்டம் என்று நாங்களும் விட்டுட்டோம். சொல்லவே வெட்கமா இருக்கு.

2020-இல் கொரோனா சமயம் பிஎம் ஸ்வநிதியில் 10,000 ரூபாய் கடன் வந்ததே, அப்போதுதான் அந்த அட்டையின் அருமை பலருக்குத் தெரிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். இந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்குத்தான். கிராம ஊராட்சியில் கடை போடுறவங்களுக்கு வராது. ரயில்வே இடத்துக்கும் வராது. விற்பனைச் சான்றிதழ் இருந்தாலும் உணவு விற்பவர் உணவு பாதுகாப்புத் துறையில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று முன்பு இருந்தது. தராசு வைத்திருப்பவர் தொழிலாளர் துறையில் முத்திரை போட்டிருக்கணும். காய்கறிக் கூடைக்காரங்க இதைத்தான் மறக்கிறாங்க, அபராதம் வந்த பிறகு நம்மகிட்ட ஓடி வர்றாங்க.

போன வாரம் பொறுப்பாளர்கள் கூடித் தீர்மான நோட்டில் எழுதியிருக்கோம். விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது, நம்ம பகுதி வியாபாரிகள் பட்டியல் எங்கே, சமுதாய அமைப்பு இடத்தில் யார் இருக்காங்க, இந்த மூணையும் நகராட்சியில் எழுத்தில் கேட்கப் போறோம். அந்த இட்லி அக்காவும் கூட வர்றாங்க. ஊக்குநர்கள் தங்கள் குழுவில் கடை போடுறவங்க பேர், இடம், நேரம் எழுதி, அட்டை இருந்தால் ஜெராக்ஸ் வைத்து, இந்த வெள்ளிக்கிழமைக்குள் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்க. அட்டை இல்லாதவங்க பேரும் வேண்டும், அவங்க பேர்தான் முதலில் வேண்டும்.