நிறம் மாறுவது கல்லாலா, கிரகத்தாலா?

(செவ்வாய்ப்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் இது. ஒரு கிராம் வெள்ளியைக்கூட மாற்றுப் பாராமலும், தராசில் நிறுக்காமலும் நீங்கள் வாங்கமாட்டீர்கள். ஆனால், அதே மனிதர் இராசிக்கல் வாங்கும்போது மாத்திரம், ஜோசியன் வாய்ச்சொல்லையே மாற்றாகவும் எடையாகவும் வைத்துக்கொண்டு, கடன் வாங்கியாவது பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். இது என்ன நியாயம்?

இன்று நான் பேச வந்தது, பகலில் பச்சையாகவும் இரவில் விளக்கொளியில் சிவப்பாகவும் தெரிகிற அலெக்ஸாண்ட்ரைட் என்னும் கல்லைப் பற்றி. "கல் நிறம் மாறினால் உங்கள் தோஷம் கழிகிறது" என்று சொல்லி ஒருவன் இதை விற்க வந்தால், நாம் என்ன கேட்க வேண்டும்?

முதலில் காரணத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கல்லில் குரோமியம் என்ற உலோகம் மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது. அது வெளிச்சத்திலுள்ள மஞ்சளை விழுங்கிவிட்டு, பச்சையையும் சிவப்பையும் வெளியே விடுகிறது. பகல் வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் தாராளம்; ஆகவே கல் பச்சை. அகல் விளக்கிலும் மெழுகுவத்தியிலும் பழைய குண்டு பல்பிலும் சிவப்பு அதிகம். ஆகவே கல் சிவப்பு. ராகு காலத்தில் பார்த்தாலும், ஆஸ்திகன் விரலில் போட்டாலும், நாஸ்திகன் விரலில் போட்டாலும் இப்படித்தான் மாறும். இதில் கிரகத்துக்கு என்ன வேலை?

மற்றொரு வேடிக்கை கேளுங்கள். இந்தக் கல் 1830-களில்தான் ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னால் சக்கரவர்த்தியான அந்நாட்டு இளவரசர் அலெக்ஸாண்டரின் பேரை அதற்கு வைத்தார்கள். ஆகவே நம் நவரத்தினப் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆனால், கேதுவுக்கென்று கட்டிவிட்ட வைடூரியமும் இதுவும் கிரைசோபெரில் என்ற ஒரே கனிமம்! ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவனுக்குக் கிரகம் உண்டு, மற்றவனுக்கு இல்லை என்றால், இது யார் கட்டிய கணக்கு?

சரி, அழகுக்காக வாங்குகிறேன் என்பவரை நாம் தடுக்கவில்லை. அவர் பார்க்க வேண்டியவை இவைதான்.

கடை விளக்கில் மாத்திரம் பார்த்து ஏமாறாதீர்கள். நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒரு தடவையும், இருட்டறையில் மெழுகுவத்தி முன் ஒரு தடவையும் பாருங்கள். டியூப் லைட்டையும் எல்.இ.டி. விளக்கையும் நம்பி முடிவு செய்யக்கூடாது. கல் முழுவதும் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறினால் உயர்ந்தது. பாதி மாறினால் மட்டம். இரண்டு நிறங்களும் சுத்தமாயிருக்க வேண்டும். பழுப்போ சாம்பலோ கலந்தால் விலை குறையும். அப்புறம்தான் தெளிவு, பட்டை, எடை. கல்லின் காரட் என்பது எடை; 5 காரட் ஒரு கிராம். தங்கத்தின் மாற்றைச் சொல்லும் காரட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"இது ரஷ்யக் கல்" என்று பெருமை பேசுவார்கள். பிறந்த இடத்தைக் கொண்டு உயர்வு தாழ்வு சொல்வதை மனிதர்களிடத்திலேயே ஒப்பாத நாம், கல்லிடத்தில் ஒப்பலாமா? இலங்கையிலும், ஆந்திரத்திலும், ஒடிசாவிலும், கேரளத்திலும் இது கிடைக்கிறது. 1987-ல் பிரேசிலில் ஹெமட்டிட்டா என்ற இடத்தில் அருமையான கற்கள் அகப்பட்டன. எங்கே பிறந்தாலும், கையிலுள்ள கல் எப்படி மாறுகிறது என்பதே கேள்வி.

இனி போலி. வனேடியம் சேர்த்துச் செய்த செயற்கைக் குருந்தக் கல்லை இந்தப் பேரால் விற்கிறார்கள். அது சாம்பல் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால், அதற்குள் வளைந்த கோடுகளோ காற்றுக் குமிழிகளோ தென்படலாம். ஆனால் 1970-கள் முதல் மெய்யான அலெக்ஸாண்ட்ரைட்டையே தொழிற்சாலையில் வளர்த்து விற்கிறார்கள். அதுவும் பச்சை சிவப்பாகவே மாறும். பூமியில் விளைந்ததா, உலையில் விளைந்ததா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. விற்பவன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் தெரியாது. ஜெய்ப்பூர் முதலிய இடங்களில் இரத்தினப் பரிசோதனைச் சாலைகள் இருக்கின்றன. அங்கே எழுதித் தரும் சீட்டுக்குத்தான் மதிப்பு.

ஆகவே தோழர்களே! பெரிய விலை சொன்னால் சீட்டைக் கேளுங்கள். இரண்டு வெளிச்சத்திலும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தோஷம் கழிக்க என்று கடன்பட்டு ஒரு கல்லையும் வாங்காதீர்கள். கடன் கொடுத்தவன் வட்டி கேட்க வரும்போது எந்தக் கிரகமும் உங்களுக்கு ஜாமீன் நிற்காது. அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் வார்த்தைகளை முடித்துக்கொள்கிறேன்.